அடைத்த அறைக்குள் நெருப்பு: தீயணைப்புப் பயிற்சியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் தீயணைப்புப் பயிற்சி வகுப்புகளுக்கு உதவப் போகும் இடங்களில் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. புதிதாகச் சேர்ந்த தம்பிமார் கேட்பவை, பல வருடம் வேலை செய்த அண்ணன்மார் வகுப்பு முடிந்தபின் தனியாக வந்து கேட்பவை, கடைக்காரர்கள் கேட்பவை என எல்லாவற்றையும் அவரவர் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். மேலிருந்து ஒழுங்காக வாசிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பியே நிற்கின்றன. இதை வாசித்ததை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எரியும் கட்டடத்துக்குள் போகக் கூடாது.

1. வெளியில எரியிற நெருப்பும் அறைக்குள்ள எரியிற நெருப்பும் ஒண்டுதானே?

இல்லை. முற்றத்தில் குப்பை எரியும்போது சூடும் புகையும் மேலே போய்விடும், காற்றும் நாலு பக்கத்தாலும் வந்துகொண்டே இருக்கும். அறைக்குள் இந்த இரண்டும் மாறிவிடுகின்றன. சூடான புகை சீலிங்கில் முட்டிப் பரந்து, கீழே தடித்துக்கொண்டு வருகிறது. அந்தப் புகைப் படலமும் சுவர்களும் சேர்ந்து அறையில் உள்ள மற்றப் பொருட்களைச் சூடாக்குகின்றன. நெருப்புத் தொடாத அலுமாரிகூட 200, 300 பாகை செல்சியஸ் வந்ததும் ஆவி விடத் தொடங்கும். அந்த ஆவிதான் எரியும், மரம் நேரடியாக எரிவதில்லை.

இரண்டாவது, காற்று. அறைக்குள் இருக்கும் காற்று ஓரளவுதான். அது குறைந்ததும் நெருப்பு அடங்கும், ஆனால் சூடும் எரியாத வாயுவும் அப்படியே உள்ளே நிற்கும். நெருப்பின் அளவைப் பொருட்கள் தீர்மானிக்கிறதா, காற்றுத் தீர்மானிக்கிறதா என்ற கேள்விதான் இந்தப் பயிற்சி முழுவதற்கும் அடிப்படை. வெளிநெருப்பில் பழகியவர்கள் இதைக் கேட்கப் பழகியிருப்பதில்லை.

2. புகைதானே, அதுக்கு ஏன் இவ்வளவு பயம்?

புகை எரிபொருள். இதை மனதில் ஏற்றிக்கொள்ளாதவரை மற்ற எதுவும் விளங்காது. கறுத்த புகைக்குள் கரித்துகள், கார்பன் மொனொக்சைட்டு, முழுதாக எரியாத வாயுக்கள் எல்லாம் இருக்கின்றன. கார்பன் மொனொக்சைட்டு காற்றில் ஏறக்குறைய 12 வீதத்திலிருந்து 74 வீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் எரியக் கூடியது. சுமார் 600 பாகையில் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அதாவது தலைக்கு மேலே தொங்கும் புகைக்குக் கீழே நடப்பவர், எரியக் காத்திருக்கும் பொருளுக்குக் கீழே நடக்கிறார்.

நஞ்சு தனி விஷயம். சோபா செற்றிலும் மெத்தையிலும் உள்ள செயற்கைப் பஞ்சு (ஃபோம்) எரிந்தால் சயனைட்டு வாயுவும் வரும். வீட்டு நெருப்புகளில் பலருடைய உயிரை எடுப்பது தீக்காயம் அல்ல, புகைதான். அதனால் சுவாசக் கருவி இல்லாமல் 'கொஞ்சம் எட்டிப் பார்த்துட்டு வாறன்' என்பது கிடையாது.

3. ஃப்ளாஷ்ஓவர் எண்டா என்ன? எத்தனை நிமிசத்துல வரும்?

ஒரு மூலையில் எரிந்த நெருப்பு சில நொடிகளுக்குள் அறை முழுவதும் எரியும் நெருப்பாக மாறுவதே ஃப்ளாஷ்ஓவர். மேலே நிற்கும் வாயு 500 முதல் 600 பாகை அளவுக்கு வரும்போது, தரையில் விழும் வெப்பம் சதுர மீற்றருக்கு 20 கிலோவாட் அளவை எட்டுகிறது. பங்குனி, சித்திரை மாத நண்பகல் வெயிலே ஏறக்குறைய 1 கிலோவாட்தான். அதைப்போல 20 மடங்கு வந்தால் தரையில் கிடக்கும் கடதாசியும் பாயும் தானாகவே பற்றிக்கொள்ளும். முழுப் பாதுகாப்பு உடுப்புடன் நிற்கும் வீரருக்கும் அந்த இடத்தில் சில நொடிகள்தான் இருக்கின்றன.

நேரம், அறையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் யூஎல் ஆய்வுகூடத்தில் ஒரே அளவான அறைகளை எரித்துப் பார்த்தார்கள். பழைய காலத்து மரம், பருத்தித் தளபாடங்கள் இருந்த அறை ஃப்ளாஷ்ஓவர் ஆக ஏறக்குறைய 30 நிமிடம் எடுத்தது. செயற்கைப் பஞ்சு சோபாவும் செயற்கை நூல் திரையும் இருந்த அறைக்கு 3 முதல் 5 நிமிடமே போதுமாக இருந்தது. நம் வீடுகளிலும் பலகை வாங்கும் பன்பாயும் போய் சோபா செற் வந்துவிட்டது. நீங்கள் வந்து சேரும்போது அது நடந்து முடிந்திருக்கலாம், அல்லது நீங்கள் வாசலில் நிற்கும்போதே நடக்கலாம்.

அறிகுறிகள் நான்கைச் சொல்கிறேன்: புகைப் படலம் வேகமாகக் கீழே இறங்கும், புகையின் ஓட்டம் வேகம் பிடித்துக் கொந்தளிக்கும், வெப்பம் திடீரென்று குனிய வைக்கும், புகைக்குள் நாக்கு நாக்காகத் தீ தோன்றி மறையும். கடைசி அறிகுறியைப் பார்த்தபின் யோசிக்க நேரம் இல்லை. தண்ணீரை மேலே அடிக்க வேண்டும் அல்லது வெளியேற வேண்டும்.

4. பேக்டிராஃப்டும் அதுவும் ஒண்டா?

இல்லை. ஃப்ளாஷ்ஓவருக்குப் போதிய சூடு சேர வேண்டும். பேக்டிராஃப்டில் சூடும் எரிபொருளும் ஏற்கெனவே இருக்கின்றன, காற்று மட்டும்தான் இல்லை. கதவைத் திறக்கிறவர் அந்தக் காற்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். காற்று தரையோடு உள்ளே போய் வாயுவோடு கலந்து, ஏதாவது தணலைச் சந்தித்ததும் தீப்பந்தாக வாசலால் வெளியே வரும். திறந்த உடனேயும் வரலாம், ஆள் உள்ளே போனபின்னும் வரலாம்.

1994 மார்ச் 28 அன்று நியூயோர்க்கின் வாட்ஸ் வீதியில் நடந்தது இதற்குப் பாடமாகச் சொல்லப்படும் சம்பவம். அடுப்பின் மேல் விட்டுச் சென்ற பிளாஸ்டிக் குப்பைப் பையில் தொடங்கிய நெருப்பு, காற்றுப் புகாமல் இறுக்கமாகக் கட்டப்பட்ட வீட்டுக்குள் கிட்டத்தட்ட ஒரு மணிநேரம் மூச்சடங்கிக் கிடந்தது. கதவைத் திறந்ததும் தீ படிக்கட்டு வழியே மேலே பாய்ந்து 6 நிமிடத்துக்கும் அதிகமாக எரிந்தது. படியில் நின்ற மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள். 1996 பெப்ரவரி 1 அன்று வேல்ஸில் உள்ள பிளேனா என்ற ஊரில் இரண்டு வீரர்கள் இறந்ததும் பேக்டிராஃப்டில்தான். அதன்பிறகே பிரித்தானியாவில் இந்தப் பயிற்சி பரவலாக வேரூன்றியது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணாடி உட்புறம் எண்ணெய்க் கறுப்பாக இருக்கும். தீ தெரியாது, ஆனால் கதவு சுடும். இடுக்குகளால் புகை வெளியே வந்து, நின்று, மறுபடி உள்ளே இழுபட்டு, மறுபடி வரும். இரவில் ஷட்டரைப் பூட்டிவிட்டுப் போன கடை இதற்கு மிகப் பொருத்தமான இடம்.

5. எங்கட வீடுகள் ஓட்டு வீடு, காத்து வாற வீடு. இது குளிர் நாட்டுக்காரன்ர பிரச்சினைதானே?

இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. சீலிங் அடிக்காத ஓட்டுக் கூரையும், சுவரில் காற்றுக் கல்லும் வைத்த பழைய வீட்டில் புகை மேலே கசிந்து போய்விடும். அறுகம்பைப் பக்கத்துக் கிடுகுக் கபானாவில் கூரையே முதலில் எரிந்து போகும். அங்கே பயப்பட வேண்டியது பக்கத்துக் கபானாவுக்குப் பரவுவதைத்தான்.

ஆனால் இன்று ஊர் அப்படி இல்லை. ஏசி பூட்டி அலுமினிய ஜன்னலை இறுக்கி அடைத்த படுக்கையறை, காத்தான்குடிப் பிரதான வீதியிலும் கல்முனைப் பஸாரிலும் ஒன்றோடொன்று ஒட்டிய புடவைக் கடைகள், மேல்மாடியில் ஜன்னல் இல்லாத ஸ்டோர் அறை, மருதமுனையின் நூலும் துணியும் அடுக்கிய அறைகள் இவையெல்லாம் 4 ஆம் பதிலில் சொன்ன அடைத்த பெட்டிகள்தான். ஓட்டு வீட்டிலும் பலகையோ பிளாஸ்டிக்கோ கொண்டு சீலிங் அடித்துவிட்டால், ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையில் எல்லா அறைகளையும் இணைக்கும் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. கீழே அறை தெளிவாக இருக்கும், மேலே புகை ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே போகும் குழுவுக்கு நான் முதலில் சொல்வது, சீலிங்கில் ஒரு துண்டை உடைத்து மேலே பாருங்கள் என்பதுதான். அஸ்பெஸ்டஸ் சீற் சூட்டில் பட்டாசுச் சத்தத்தோடு வெடித்துத் தெறிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. கதவைத் திறந்தா புகை போயிடுமே, ஏன் திறக்க வேண்டாம் எண்டு சொல்றீங்க?

புகை போகும். அதைவிட வேகமாகக் காற்று வரும். காற்று குறைந்து அடங்கிய நெருப்புக்கு ஒரு கன மீற்றர் காற்றைக் கொடுத்தால், அது ஏறக்குறைய 3.5 மெகாயூல் வெப்பத்தை வெளியிடும். ஒரு லீற்றர் தண்ணீர் முழுவதும் ஆவியானால்கூட 2.6 மெகாயூல் அளவுதான் உறிஞ்சும். நன்றாக எரியும் அறையின் கதவு முழுதாகத் திறந்து கிடந்தால் நொடிக்கு ஒரு கன மீற்றர் அளவில் காற்று உள்ளே போகலாம். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினால் வகுப்பு அமைதியாகிவிடும். கதவு திறந்து கிடக்கும் ஒவ்வொரு நொடிக்கும் தண்ணீர்க் கடன் ஏறுகிறது.

அதனால்தான் ஒழுங்கு முக்கியம்: ஹோஸில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் தொடுவது. ஒருவர் கதவுக்கே பொறுப்பு. கொஞ்சம் திறந்து, மேலே குறுகிய வீச்சில், அதாவது சிறிது நேரம் மட்டும், தண்ணீர் அடித்து, மூடி, புகை என்ன செய்கிறது என்று பார்த்து, மறுபடி திறப்பது. குழு உள்ளே போனபின்னும் கதவு ஹோஸின் அகலத்துக்கு மட்டுமே திறந்திருக்க வேண்டும். புகையை வெளியேற்றுவது தவறு என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் நெருப்பின் மேல் விழத் தொடங்கியபின் வெளியேற்றுங்கள்.

7. உள்ளுக்க ஆள் இருந்தா அப்பவும் கதவைச் சாத்திக்கொண்டு நிக்கிறதா?

இதைக் கேட்காத வகுப்பே இல்லை, கேட்கவும் வேண்டும். ஆள் இருந்தால் வேகம் கூட வேண்டும், ஆனால் கதவுக் கட்டுப்பாடு இன்னும் கூடுதலாக வேண்டும். உள்ளே கிடப்பவருக்குப் பாதுகாப்பு உடுப்பும் இல்லை, சுவாசக் கருவியும் இல்லை. நாம் கொடுக்கும் காற்றில் வளரும் தீ முதலில் அவரைத்தான் தொடும்.

மூடிய அறைக்கதவுக்குப் பின்னால் இருப்பவர் உயிரோடு இருக்கும் வாய்ப்பு அதிகம். ஜன்னல் வழியாக அந்த அறைக்குள் இறங்கினால், முதல் வேலை உள்கதவைச் சாத்துவது, பிறகுதான் தேடுவது. வீட்டுக்காரருக்கும் இதையே சொல்லுங்கள்: ஓடி வரும்போது எரியும் அறையின் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வரவேண்டும், இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்திப் படுக்க வேண்டும். சாதாரண மரக்கதவே பல நிமிடங்களை வாங்கித் தரும்.

8. தண்ணியை மேல அடிச்சா நீராவி எங்களைத்தானே சுடும்?

தவறாக அடித்தால் சுடும். 1 லீற்றர் தண்ணீர் 100 பாகையில் ஏறக்குறைய 1,700 லீற்றர் நீராவியாகிறது, இதுதான் எல்லோருடைய பயமும். ஆனால் 600 பாகையில் இருக்கும் வாயுவை 100 பாகைக்குக் குளிரவைத்தால் அதன் கனஅளவு பாதிக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. நுண்துளிகள் சூடான வாயுவுக்குள்ளேயே ஆவியானால், அந்தச் சுருக்கம் நீராவியின் விரிவைவிட அதிகமாக இருக்கும். மொத்தத்தில் புகைப் படலம் மேலே ஏறும். அதே தண்ணீர் வாயுவைத் தாண்டிப் போய்ச் சுட்டுக் கிடக்கும் சுவரில் பட்டால், வாயு சுருங்காமல் நீராவி மட்டும் கூடும். அப்போதுதான் காது வேகும்.

குறுகிய வீச்சாக அடித்து வாயுவைக் குளிரவைக்கும் முறை சுவீடனில் 1980களின் தொடக்கத்தில் வளர்ந்தது. நல்ல முறை, ஆனால் எல்லைகள் உண்டு. படுக்கையறைக்கு அது சரி. சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைக் களஞ்சியம் போன்ற பெரிய இடத்தில் குறுகிய வீச்சுகள் மேலே போய்ச் சேராது, நிறையத் தண்ணீர் வேண்டும். அறை முழுவதும் எரிந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். வாயுவைக் குளிரவைப்பது முன்னேற வழி செய்யும், அவ்வளவுதான். எரியும் பொருளை அணைக்கும்வரை வாயு மறுபடி உண்டாகும்.

9. வெளியில இருந்து ஜன்னலால தண்ணி அடிச்சா நெருப்பை உள்ளுக்குத் தள்ளிவிடும் எண்டு பழைய ஆக்கள் சொல்றாங்களே?

ஜன்னலால் தீ வெளியே வந்துகொண்டிருந்தால், அகலம் விரிக்காத நேர்த் தாரையைக் கீழிருந்து சீலிங்கை நோக்கி அடிப்பது உள்ளே எல்லா இடத்தையும் குளிரவைக்கிறது. 2012 இல் நியூயோர்க்கின் கவர்னர்ஸ் தீவில் உண்மையான வீடுகளை எரித்து அளந்து பார்த்தார்கள், தண்ணீர் நெருப்பைத் தள்ளவில்லை. தாரையைக் குடை மாதிரி விரித்து ஜன்னலை அடைத்தால்தான் பிரச்சினை: அது காற்றை உள்ளே இழுத்து, வெளியே வர வேண்டிய புகையையும் மறிக்கும்.

ஆள் குறைந்த நம் பிரிவுகளுக்கு இது பெரிய உதவி என்று நினைக்கிறேன். பவுசரோடு முதலில் வந்து இறங்கும் இரண்டு மூன்று பேர், சுவாசக் கருவி போட்ட குழு தயாராகும் முன்னரே அறையைக் குளிரவைத்துவிடலாம். பழைய அண்ணன்மாருடைய எச்சரிக்கை விரித்த தாரையைப் பார்த்து வந்ததாக இருக்கலாம். அதற்கு அது சரியான எச்சரிக்கைதான்.

10. கச்சான் காத்து நேரம் ஏதும் வித்தியாசம் இருக்கா?

நிறைய. கச்சான் மேற்கு, தென்மேற்கிலிருந்து வறண்டு அடிக்கும்போது, அந்தப் பக்க ஜன்னல் உடைந்தால் அறைக்குள் காற்று தொடர்ந்து திணிக்கப்படும். மறுபக்க வாசல் புகைபோக்கியாக மாறும். அந்த வாசலில் நிற்கும் குழுவுக்கு 8 ஆம் பதிலில் சொன்ன குறுகிய வீச்சு எதுவும் உதவாது. காற்று வரும் பக்கத்தில் நின்று தாக்குங்கள். பின்னேரம் கடற்காற்று எழுந்தால் பக்கமே மாறிவிடலாம் என்பதால், வந்து இறங்கியதும் ஒருவர் கட்டடத்தைச் சுற்றி நடந்து பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது. பின்பக்க மதிலால் போக முடியாவிட்டால் பக்கத்து வளவால் போங்கள்.

11. கன்டெய்னர் பயிற்சியில உள்ளுக்க விட்டுப் பூட்டுவாங்களா?

பூட்டமாட்டார்கள். பூட்டுகிற இடத்துக்கு நீங்கள் போகவும் கூடாது. 20 அல்லது 40 அடிக் கப்பல் கொள்கலனின் ஒரு முனையில் சுவரிலும் மேலேயும் சிப்போர்ட் பலகை அடித்து, சிறு விறகுக் குவியலால் கொளுத்துவார்கள். மாணவர்கள் சுவாசக் கருவியோடு மறுமுனையில் தாழ்ந்து இருந்து பார்ப்பார்கள்: புகைப் படலம் எப்படி உண்டாகிறது, தீநாக்குகள் தலைக்கு மேலே எப்படி ஓடி வருகின்றன, ஒரு வீச்சுத் தண்ணீருக்கு அது எப்படிப் பின்வாங்குகிறது என்று. மேலே புகையை விடும் மூடி இருக்கும், வெளியேறும் கதவு உள்ளிருந்தே திறக்கும், வெளியே இன்னொரு ஹோஸ் தண்ணீரோடு தயாராக இருக்கும்.

பயிற்சியிலேயே ஆட்கள் இறந்திருக்கிறார்கள். 1982 இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் பயிற்சி நெருப்பில் இரண்டு வீரர்கள் இறந்தார்கள். 1986 இல் என்எஃப்பிஏ 1403 என்ற பயிற்சி நெருப்பு நியமம் வந்தது. அதில் என்னைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்கவே முடியாத இரண்டு: பெற்றோல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தக் கூடாது, காப்பாற்றப்படுபவராக நடிக்க உயிருள்ள ஆளை உள்ளே வைக்கக் கூடாது. டயரும் மெத்தையும் எரிப்பதும் வேண்டாம்.

12. எங்களிட்ட கன்டெய்னரும் இல்ல, காசும் இல்ல. அப்ப என்ன செய்யிறது?

காத்திருக்க வேண்டாம். கன்டெய்னர் பயிற்சி தேவை, அதைக் கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் இந்தப் பக்கத்தில் இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதியை ஒரு சிப்போர்ட் பெட்டியால் காட்டிவிடலாம். முழங்கால் உயரம், ஒரு பக்கம் திறந்து மூடும் பலகைக் கதவு, ஒரு மூலையில் சிறு விறகு. அதைத் திறந்த வெளியில், காற்று வரும் பக்கத்தில் நின்று, தண்ணீர் நிறைந்த ஹோஸை வைத்துக்கொண்டு, முழு உடுப்போடும் கண்ணாடியோடும், பயிற்சி பெற்ற ஒருவரின் பொறுப்பில் மட்டும் எரியுங்கள். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். புகை இறங்குவது, நெருப்புத் தொடாத பலகை ஆவி விடுவது, ஃப்ளாஷ்ஓவர் எல்லாம் சில நிமிடங்களில் கண்முன்னே நடக்கும். கதவை மூடி, புகை இடுக்குகளால் மூச்சு விடுவதைக் காட்டி, பிறகு நீண்ட தடியால் கதவைத் திறந்தால், 4 ஆம் பதிலை நான் சொல்லத் தேவையே இல்லை. வாசலுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது.

பெட்டியால் காட்ட முடியாதது தண்ணீர். சின்னப் பெட்டிக்குச் சரியான துளி பெரிய அறைக்குச் சரிவராது. அதனால் நொசில் (ஹோஸின் முனைக் குழாய்) பழக்கத்தை மைதானத்தில் நெருப்பே இல்லாமல் செய்யுங்கள்: குறுகிய வீச்சு, நீண்ட வீச்சு, கதவுக்காரரோடு சேர்ந்து திறந்து அடித்து மூடுவது. கை தானாகச் செய்யும்வரை.

இன்னொன்று, செலவே இல்லாதது. விடுமுறை நாளில் பஸாரில் நடந்து கடைகளைப் பாருங்கள். எந்த ஷட்டர் உள்ளே பூட்டு, எங்கே பின்கதவு, எது ஒரே கூரையின் கீழ் ஐந்து கடை, பவுசர் எந்த ஒழுங்கை வரை போகும். படம் எடுத்து வந்து, 'இந்தக் கடையில் இரவு இரண்டு மணிக்குப் புகை, என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். மட்டக்களப்பு மாநகர சபையோ கல்முனை மாநகர சபையோ, தீயணைப்பு வேலை உள்ளூராட்சியின் கீழ் இருப்பதன் நல்ல பக்கம் இதுதான்: அவரவர் ஊரை அவரவர் கால்நடையாகவே படிக்கலாம்.

13. காஸ் சிலிண்டர் வெடிக்கிறதும் இந்தக் கணக்குத்தானா?

இல்லை, கலக்க வேண்டாம். 2021 இறுதியில் நாடெங்கும் காஸ் அடுப்பு வெடிப்புகள் நடந்த பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் படரும், காற்றில் ஏறக்குறைய 2 முதல் 9 வீதம் கலந்தாலே எரியும். புகை மேலே நிற்கும், இது கீழே நிற்கும். தீ இல்லாமல் மணம் மட்டும் இருந்தால் 6 ஆம் பதில் தலைகீழாகிறது: கதவு ஜன்னலைத் திறக்கலாம், சுவிட்சை மட்டும் தொடக் கூடாது.

14. பயிற்சி முடிஞ்ச உடுப்பை ஒவ்வொருக்காவும் தோய்க்கணுமா?

ஆம். 2022 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்பு வீரர் வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. கரி படிந்த உடுப்பைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். பயிற்றுநர்கள் மாணவர்களைவிட அதிக தடவை நெருப்புக்கும் புகைக்கும் முகம் கொடுக்கிறார்கள், அதனால் முறை மாற்றி விடுங்கள். நம் வெக்கையில் உடுப்பைப் போடும் முன்பே தண்ணீர் குடிக்கத் தொடங்க வேண்டும்.

15. கடைக்காரர் 'ஷட்டரைத் திற, சாமான் எல்லாம் போகுது' எண்டு சத்தம் போடுறார். என்ன சொல்றது?

அவருடைய வாழ்நாள் உழைப்பு உள்ளே இருக்கிறது, அதனால் அவரைத் தள்ளிவிடாதீர்கள். ஒருவரை அவரோடு நிறுத்துங்கள். 'ஐயா, இப்ப திறந்தா காத்துப் போய் எல்லாம் எரியும். முதல்ல தண்ணியை உள்ள விடுறம்' என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் விளங்கிக்கொள்வார்கள். பிறகு அவரிடம் கேளுங்கள்: உள்ளே யாராவது படுப்பதுண்டா, பின்கதவு எங்கே, மேல்மாடிக்கு எப்படிப் போவது, சீலிங் அடித்ததா, மெயின் சுவிட்ச் எங்கே, காஸ் இருக்கிறதா. கடைக்காரருக்கும் செய்ய ஒரு வேலை கிடைக்கும், உங்களுக்கும் உள்ளே போகாமலே கடையின் வரைபடம் கிடைக்கும்.

அதே நேரம் மற்றவர்கள் 4 ஆம் பதிலில் உள்ள அறிகுறிகளைப் பார்க்க வேண்டும். புகை மூச்சு விடுவது போல் தெரிந்தால், ஷட்டரில் நொசில் நுழையும் அளவு துளை மட்டும் வெட்டி, பக்கவாட்டில் நின்று தண்ணீரை உள்ளே விடுங்கள். உள்ளே குளிர்ந்து, புகை வெளுத்து, ஓட்டம் தளர்ந்த பிறகு ஷட்டரை ஓர் அடி மட்டும் தூக்குங்கள். பார்த்துவிட்டு மீதியைத் தூக்கலாம்.